எண்ணெய் பூசிய மரையை எவ்வளவு முறுக்கலாம்?

ஓர் இயந்திரப் பட்டறையை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். பழுது பார்ப்பதற்காகக் கழற்றிய இயந்திரம் ஒன்றை மீண்டும் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலை, புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவன் பொறுப்புள்ளவன். போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தான். பின்னாளில் துருப்பிடித்து இறுகிவிடக் கூடாதே என்று மரைகளில் செம்புத்தூள் கலந்த பசையைப் பூசினான். கையேட்டில் 50 நியூட்டன்-மீட்டர் என்று இருந்தது. டார்க் ரெஞ்சை 50இல் வைத்து முறுக்கத் தொடங்கினான்.

நான்காவது போல்ட்டில் ஏதோ சரியில்லை என்று கை சொல்லிற்று. இறுக வேண்டிய நட்டு, மெழுகில் திரும்புவதுபோல வழுவழுவென்று சுற்றிக்கொண்டே போயிற்று. மூத்த தொழிலாளியை அழைத்தான். அவர் அந்த போல்ட்டைக் கழற்றி, புதிய நட்டு ஒன்றை விரலால் ஓட்டிப் பார்த்தார். முதல் சில மரைகளில் எளிதாக ஓடிய நட்டு, ஓரிடத்தில் தடைப்பட்டு நின்றது.

“போல்ட் நீண்டுவிட்டது, தம்பி. இனி இது உதவாது.”

“அண்ணே, புத்தகத்தில் இருந்தபடி 50தான் வைத்தேன். ஒரு கோடுகூடக் கூட்டவில்லையே!”

“கூட்டவில்லைதான். ஆனால் பசை பூசினாயே, அதற்காகக் குறைத்திருக்க வேண்டும்.”

மாணவ நண்பர்களே, வழுக்கலாக்கினால் ஏன் குறைவாக முறுக்க வேண்டும்? எவ்வளவு குறைக்க வேண்டும்? நீங்கள் வகுப்பில் படித்த உராய்வு, வேலை, மீட்சித்தன்மை ஆகிய மூன்று பாடங்களே இதற்கு விடை தரும்.

போல்ட் ஒரு சுருள்வில்

இரண்டு தகடுகளைத் துளையிட்டு, போல்ட்டை நுழைத்து நட்டைப் பூட்டுகிறோம். நட்டு தகட்டைத் தொட்ட பிறகும் அதை முறுக்கினால் என்ன நடக்கிறது? நட்டு மரையில் மேலும் முன்னேற முயல்கிறது, தகடு தடுக்கிறது. ஆகவே போல்ட் நீளுகிறது. நீண்ட போல்ட் சுருள்வில்லைப்போலப் பழைய நீளத்துக்குச் சுருங்க முயல்கிறது. அந்த முயற்சியே தகடுகளை அழுத்திப் பிடிக்கிறது. போல்ட்டில் எவ்வளவு இழுவிசை உள்ளதோ, அவ்வளவு விசையுடன் தகடுகள் அழுந்துகின்றன. இது நியூட்டனின் மூன்றாம் விதி.

10 மில்லிமீட்டர் விட்டமுள்ள, வலிமை மிக்க எஃகு போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 25,000 நியூட்டன் இழுவிசை இருக்குமாறு இறுக்குவது வழக்கம். இது ஏறத்தாழ இரண்டரை டன் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். நம் நாட்டுப் பெண் யானை ஒன்றின் எடை கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும்! சுண்டுவிரல் பருமனுள்ள ஓர் ஆணி அதனைத் தாங்குகிறது. தகடுகளின் மொத்தத் தடிமன் 50 மில்லிமீட்டர் என்றால், அந்தப் பகுதியில் போல்ட் நீளும் அளவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு நீட்சிதான் இணைப்பின் உயிர்.

நீட்சி குறைந்தால் தகடுகள் அசையும். இயந்திரம் அதிரும்போதெல்லாம் போல்ட் மாறி மாறி இழுபடும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதுபோல, அது களைத்து ஒடியும். அல்லது நட்டு மெல்லக் கழன்று விழும். நீட்சி கூடினாலோ, உலோகம் மீள் எல்லையைத் தாண்டும். அதன்பின் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது. பட்டறையில் நடந்தது இதுதான். நீண்ட இடத்தில் மரைகளுக்கிடையேயுள்ள தூரமும் மாறிவிட்டது. புதிய நட்டு அவ்விடத்தில் தடைப்பட்டதற்குக் காரணம் அதுவே.

எனவே நமக்கு வேண்டியது சரியான இழுவிசை. ஆனால் போல்ட்டுக்குள் இருக்கும் இழுவிசையை டார்க் ரெஞ்சு அளப்பதில்லை. அது அளப்பது, நாம் கொடுக்கும் திருப்புத்திறனை மட்டுமே. பட்டறையில் இதனை ‘டார்க்’ என்பர். 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 200 நியூட்டன் விசை கொடுத்தால் திருப்புத்திறன் 0.25 × 200 = 50 நியூட்டன்-மீட்டர். இந்த இரண்டுக்கும் இடையே நிற்பது உராய்வு.

உழைப்பு எங்கே போகிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். திருகு அளவியில் புரியிடைத் தூரம் என்று படித்திருப்பீர்கள். ஒரு முழுச் சுற்றில் திருகு முன்னேறும் தூரம் அது. நமது 10 மி.மீ. போல்ட்டில் அது 1.5 மி.மீ. இழுவிசை 25,000 நியூட்டனாக இருக்கும்போது நட்டை ஒரு சுற்றுச் சுற்றுவதாகவும், அப்போது இழுவிசை மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

நமக்குக் கிடைக்கும் பயனுள்ள வேலை = விசை × தூரம் = 25,000 × 0.0015 = 37.5 ஜூல்.

நாம் செய்யும் வேலை = திருப்புத்திறன் × சுற்றிய கோணம் = 50 × 2 × 3.14 = 314 ஜூல்.

314 ஜூல் செலவழித்து 37.5 ஜூல் பெறுகிறோம். அதாவது 100க்கு 12 பங்குதான் பயன்! மீதி 88 பங்கையும் உராய்வு வெப்பமாக்கிவிடுகிறது. 50 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறனைப் பங்கு பிரித்தால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

நட்டின் அடிப்பக்கம் தகட்டில் உராய்வதற்கு – 25
மரையும் மரையும் உராய்வதற்கு – 19
போல்ட்டை இழுப்பதற்கு – 6

உராய்வு இப்படிக் கொள்ளையடிக்கிறதே என்று அதனை அடியோடு வெறுத்துவிடாதீர்கள். மரை என்பது ஓர் உருளையைச் சுற்றிய சாய்தளம். நமது போல்ட்டில் அதன் சாய்வு ஏறத்தாழ 3 பாகைதான். உராய்வே இல்லையென்றால், நாம் கையை எடுத்தவுடன் நட்டு அந்தச் சாய்தளத்தில் சறுக்கிக் கழன்றுவிடும். இறுக்கும்போது நம்மைத் தடுக்கும் உராய்வுதான், இறுக்கிய பின் நட்டை அங்கேயே நிறுத்திவைக்கிறது.

பசை பூசினால்?

இப்போது மரைகளிலும் நட்டின் அடியிலும் பசை பூசுகிறோம். உராய்வு ஏறத்தாழப் பாதியாகிறது என்று கொள்வோம். 25,000 நியூட்டன் இழுவிசை பெற இனி எவ்வளவு திருப்புத்திறன் தேவை? போல்ட்டை இழுப்பதற்கான 6இல் மாற்றமில்லை. அது புரியிடைத் தூரத்தை மட்டுமே பொறுத்தது. உராய்வுக்கான 44 மட்டும் 24 அளவுக்குக் குறைகிறது. ஆக மொத்தம் 6 + 24 = 30 நியூட்டன்-மீட்டர் போதும்.

இளைஞன் கொடுத்ததோ 50! எஞ்சிய திருப்புத்திறன் வீணாகவில்லை. அது போல்ட்டை மேலும் இழுத்தது.

ஒவ்வொரு முறையும் இவ்வாறு பங்கு பிரித்துக் கணக்கிட முடியாது. ஆகவே பொறியாளர்கள் ஓர் எளிய வாய்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள்:

திருப்புத்திறன் = நட்டுக் காரணி × இழுவிசை × போல்ட்டின் விட்டம்

நட்டுக் காரணி என்பது மரையிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வையெல்லாம் ஒரே எண்ணில் அடக்கியது. இதுவும் உராய்வுக் குணகமும் ஒன்றல்ல. மசகு பூசாத சாதாரண எஃகு மரைக்கு இதன் மதிப்பு ஏறத்தாழ 0.20. எண்ணெயிட்ட மரைக்கு 0.15. செம்பு, மாலிப்டினம் டைசல்பைடு போன்றவை கலந்த பசைகளுக்கு 0.12 அளவில் இருக்கும். துருப்பிடித்த மரையில் 0.30ஐயும் தாண்டலாம்.

வாய்பாட்டைச் சோதித்துப் பார்ப்போம். விட்டத்தை 0.010 மீட்டர் என்று எழுதுக.

உலர்ந்த மரை: 50 ÷ (0.20 × 0.010) = 25,000 நியூட்டன்
எண்ணெயிட்ட மரை: 50 ÷ (0.15 × 0.010) = 33,300 நியூட்டன்
பசை பூசிய மரை: 50 ÷ (0.12 × 0.010) = 41,700 நியூட்டன்

ரெஞ்சு மூன்று முறையும் 50 என்றே காட்டியது. போல்ட் அனுபவித்ததோ மூன்று வேறு விசைகள்!

போல்ட் எவ்வளவு தாங்கும்?

போல்ட்டின் தலையைக் கூர்ந்து பாருங்கள். 8.8 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். புள்ளிக்கு முன்னுள்ள 8ஐ 100ஆல் பெருக்குக. 800. சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை தாங்கும். அதற்கு மேல் அறும் என்பது பொருள். புள்ளிக்குப் பின்னுள்ள 8, அதில் பத்தில் எட்டுப் பங்கில், அதாவது 640 நியூட்டனில், உலோகம் நிலையாக நீளத் தொடங்கும் என்கிறது.

10 மி.மீ. போல்ட்டின் மரைப்பகுதியில் விசையைத் தாங்கும் பரப்பு 58 சதுர மி.மீ. ஆகவே 640 × 58 = 37,120 நியூட்டனில் அது நிலையாக நீளத் தொடங்கும். 800 × 58 = 46,400 நியூட்டனில் அறும்.

இப்போது முன்சொன்ன மூன்று விடைகளையும் ஒப்பிடுங்கள். 25,000 பாதுகாப்பானது. 33,300 எல்லையை நெருங்குகிறது. 41,700 எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் அறும் அளவை எட்டவில்லை. அதனால்தான் இளைஞனின் போல்ட் அறாமல் நீண்டது. அறுந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். நீண்ட போல்ட் நல்ல போல்ட்டைப்போலவே தோற்றமளிக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இளைஞன் கையின் சொல்லைக் கேட்டு நிறுத்தியது நல்லதாயிற்று.

திருத்தும் முறை மிக எளிது:

புதிய திருப்புத்திறன் = பழைய திருப்புத்திறன் × (புதிய காரணி ÷ பழைய காரணி)

எண்ணெய்க்கு 50 × 0.15 ÷ 0.20 = 37.5. பசைக்கு 50 × 0.12 ÷ 0.20 = 30. நாம் பங்கு பிரித்துக் கண்ட விடையும் 30தானே!

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கையேட்டில் உள்ள எண் எந்த நிலைக்கு உரியது என்று முதலில் பார்க்க வேண்டும். சில கையேடுகளில் ‘எண்ணெயிட்டு முறுக்குக’ என்றே எழுதியிருக்கும். அந்த எண் ஏற்கெனவே குறைக்கப்பட்டது. அதனை மீண்டும் குறைத்தால் இணைப்பு தளர்ந்துபோகும். மோட்டார் வண்டிகளின் சக்கர நட்டுகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கொடுத்திருப்பது உலர்ந்த, தூய மரைக்குரிய எண். அங்கே எண்ணெய் பூசாதிருப்பதே முறை. பசை பயன்படுத்துவதென்றால், பசைத் தயாரிப்பாளர் தரும் காரணியையே கொள்ள வேண்டும். நாம் மேலே கொண்டவை பயிற்சிக்கான தோராய மதிப்புகள்.

அப்படியானால் பசையே வேண்டாமா?

வேண்டும். சில இடங்களில் அது இல்லாமல் ஆகாது. துருப்பிடிக்காத எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. முறுக்கும்போது இரு மரைகளும் உரசிப் படலம் கிழிகிறது. உள்ளிருக்கும் தூய உலோகமும் உலோகமும் தொட்டு, வெல்டிங் செய்ததுபோல் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு நட்டு முன்னும் போகாது, பின்னும் வராது. போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எஞ்சினின் புகைக்குழாய் போன்ற சூடான இடங்களில் எண்ணெய் எரிந்துபோகும். செம்பு, நிக்கல், கிராஃபைட் ஆகியவற்றின் நுண்துகள் கலந்த பசையோ தங்கிநின்று மரைகளைப் பிரித்துவைக்கும்.

மற்றொரு நன்மையும் உண்டு. உலர்ந்த மரையின் உராய்வை நம்ப முடியாது. ஒன்றில் சிறிது தூசு, ஒன்றில் துரு, ஒன்றில் தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய். ஆகவே ஒரே திருப்புத்திறனுக்கு ஒவ்வொரு போல்ட்டிலும் ஒவ்வோர் இழுவிசை வரும். ஒரே வகை மசகை எல்லாவற்றிலும் ஒரே சீராகப் பூசி, அதற்குரிய திருப்புத்திறனைக் கொடுத்தால் வேறுபாடு குறையும். மசகு பூசுவது தவறன்று. பூசிவிட்டுப் பழைய எண்ணையே வைப்பதுதான் தவறு.

நீங்களே செய்து பாருங்கள்

தேவையானவை: 10 அல்லது 12 மி.மீ. விட்டமும் 15 செ.மீ. நீளமும் உள்ள போல்ட், நட்டு, வாஷர்கள், துளையிட்ட இரண்டு மரத்துண்டுகள், பழைய சைக்கிள் இருக்கையின் சுருள்வில், ஸ்பானர், 1 கிலோகிராம் வரை அளக்கும் சுருள்வில் தராசு, அளவுகோல்.

இரு மரத்துண்டுகளுக்கும் நடுவே சுருள்வில்லை வைத்து, அதன் வழியாக போல்ட்டைச் செலுத்தி வாஷரும் நட்டும் பூட்டுக. போல்ட்டின் தலையை வைஸில் பிடித்துக்கொள்க. சுருள்வில் அமுங்கிய அளவே நமக்கு இழுவிசையைக் காட்டும் கருவி.

மரையைத் துணியால் நன்கு துடைத்துவிட்டு, சுருள்வில் 1 செ.மீ. அமுங்கும்வரை முறுக்குக. கடைசிச் சிறிது தூரத்தை ஸ்பானரின் முனையில் தராசை மாட்டி, ஸ்பானருக்குச் செங்குத்தாக இழுத்துத் திருப்புக. நட்டு நகர்ந்துகொண்டிருக்கும்போது தராசு காட்டும் அளவைக் குறித்துக்கொள்க. பிறகு கழற்றி, மரையிலும் நட்டின் அடியிலும் எண்ணெய் விட்டு மீண்டும் செய்க. அதே 1 செ.மீ. அமுக்கத்துக்குத் தராசு இப்போது குறைவாகக் காட்டும். எண்ணெயை மரையில் மட்டும் விட்டு ஒரு முறையும், நட்டின் அடியில் மட்டும் விட்டு ஒரு முறையும் செய்து பாருங்கள். எது அதிக மாற்றம் தருகிறது? சுருள்வில் நழுவித் தெறிக்கக்கூடும். முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள்.

பாலம் கட்டுவோர் கற்ற பாடம்

இது சிறு பட்டறையோடு நின்றுபோகும் சிக்கல் அன்று. அமெரிக்காவில் எஃகுக் கட்டடங்களிலும் பாலங்களிலும் ரிவெட்டுக்குப் பதிலாக உயர்வலிமை போல்ட்டுகளைப் பயன்படுத்த முற்பட்டபோது, அதனை ஆராய 1947இல் ஓர் ஆராய்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. 1951இல் அக்குழு தன் முதல் விதித்தொகுப்பை வெளியிட்டது. இறுக்கும் அளவைத் திருப்புத்திறனைக் கொண்டு தீர்மானிப்பதே அன்றைய வழக்கம்.

வேலைத்தளத்திலோ ஒரு பெட்டி போல்ட் மழையில் நனைந்திருக்கும். இன்னொரு பெட்டியில் எண்ணெய் உலர்ந்திருக்கும். ஒரே எண், ஒரே இழுவிசையைத் தரவில்லை. 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் ரெஞ்சின் அளவை நம்பி இறுக்கும் முறையையே நீக்கிவிட்டார்கள். 1985இல் மீண்டும் அனுமதித்தபோது கடும் நிபந்தனை விதித்தார்கள்: அன்றாடம், அன்று பூட்டப்போகும் போல்ட்டுகளையே இழுவிசை அளக்கும் கருவியில் பூட்டிப் பார்த்து ரெஞ்சைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வேறொரு வழியும் உண்டு. தகடுகள் நன்கு பொருந்தும்வரை நட்டை இறுக்கிவிட்டு, ஓர் அடையாளக் கோடு போட்டு, அங்கிருந்து குறிப்பிட்ட கோணம் திருப்புவார்கள். விட்டத்தைப்போல் நான்கு மடங்கு வரை நீளமுள்ள கட்டட போல்ட்டுக்கு அது மூன்றில் ஒரு சுற்று. இங்கே அளப்பது விசையை அன்று, நீட்சியை. உராய்வு நம் கையின் உழைப்பை ஏமாற்றலாம்; மரையின் புரியிடைத் தூரத்தை ஏமாற்ற முடியாது.

அடுத்த முறை மிதிவண்டியின் நட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இறுக்கும்போது, கையை ஒரு கணம் நிறுத்துங்கள். முன்போல் அதே பலத்தோடு இழுக்க வேண்டியதில்லை.

சிந்திக்க

1. உலர்ந்த மரைக்கு 80 நியூட்டன்-மீட்டர் என்று கையேடு கூறுகிறது. எண்ணெயிட்ட மரைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?
2. பசைக்குரிய 30 நியூட்டன்-மீட்டரை, நமது 10 மி.மீ. போல்ட்டின் உலர்ந்த மரைக்குக் கொடுத்துவிட்டால் இழுவிசை எவ்வளவு இருக்கும்? அதனால் என்ன தீங்கு?
3. புரியிடைத் தூரம் 1.5க்குப் பதில் 1.25 மி.மீ. என்றால், 25,000 நியூட்டன் பெறுவதற்கான பயனுள்ள திருப்புத்திறன் எவ்வளவு?

விடைகள்: 1. 60 நியூட்டன்-மீட்டர். 2. 15,000 நியூட்டன், இணைப்பு தளர்ந்து, அதிர்வில் நட்டு கழலலாம், போல்ட் களைத்து ஒடியலாம். 3. ஏறத்தாழ 5 நியூட்டன்-மீட்டர்.